மாமாவின் சைக்கிள் படை

போர் என்று முடிவாகிவிட்டது.

சாப்பாட்டு மேசையின் நடுவில் ஒரு துண்டை நீளமாக விரித்து, அதற்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஜாடியையும் அந்தப் பக்கம் உப்பு டப்பாவையும் வைத்துவிட்டு மாமா எழுந்து நின்றார்.

"எல்லாரும் நல்லா கவனிங்க. இந்தத் துண்டுதான் நம்ம சாலை. தண்ணி ஜாடி நம்ம கடை. உப்பு டப்பா எதிரியோட கோட்டை. நாளைக்குக் காலையில நம்ம படையோட ரெண்டாவது வரிசையை இறக்கப் போறேன். எதிரி அப்படியே அரண்டு போகணும்!"

"டேய், அந்த உப்பை இப்படித் தள்ளு. சாப்பாட்டுல கொஞ்சம் குறையுது" என்றாள் அம்மா.

மாமா எதிரியின் கோட்டையை ஒரு கையால் தூக்கி அம்மாவிடம் கொடுத்தார். போர் சற்று நேரம் நின்றது.

இந்தக் கூத்தையெல்லாம் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான் கொசுறு. அவளுக்குப் பள்ளியில் நீளமான, அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் வீட்டில் அதை யாரும் தொட்டதில்லை. காசு கொடுத்து ஒன்று வாங்கினால் மேலே சும்மா ஒரு துளி தருவார்களே, அதுதான் கொசுறு. அவள் பிறந்தபோது அத்தனை சின்னதாக இருந்தாளாம். "என்ன அக்கா, கொசுறு அளவுதான் இருக்கு?" என்று மாமா கேட்டாராம். அன்றைக்கு ஒட்டிய பெயர், பத்து வயதாகியும் உதிரவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. இருவரும் சேர்ந்து சைக்கிள் பழுது பார்க்கும் கடை நடத்துகிறார்கள். வளைந்த சக்கரத்தை நிமிர்த்துவதில் அம்மா கெட்டிக்காரி. கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருகி, சுற்றிவிட்டு, ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். பம்பரம் போல நேராகச் சுற்றினால்தான் விடுவாள். மாமா பஞ்சர் ஒட்டுவதில் சூரர். பேச்சில் அதைவிடச் சூரர். அப்பாவுக்கு நகரப் பேருந்தில் நடத்துநர் வேலை. வீட்டிலும் அவருக்கு, "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று சொல்லாமல் இருக்க முடியாது.

கடைக்கு நேர் எதிரே, போன மாதம் ஒரு புதுக் கடை திறந்தது. பளபளவென்று கண்ணாடிக் கதவு. உள்ளே பளபளவென்று புது சைக்கிள்கள். அதே வாரத்திலிருந்து இங்கே வேலை குறைந்தது. முன்பெல்லாம் மணி அடித்துக்கொண்டே வருவார்கள். இப்போது அம்மா சும்மா இருக்க முடியாமல், துடைத்த ஸ்பேனரையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் அந்த எதிர்க்கடைக்காரன் வேலை. நம்ம ஆளுங்களை மயக்கிட்டான்" என்றார் மாமா.

எதிர்க்கடை திறந்த அன்றைக்கே அவர் தன் முதல் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். கடையின் பின்பக்கம், பழைய பாகங்களைக் கோத்து அவரே செய்து வைத்திருந்த சைக்கிள்களை எல்லாம் வெளியே கொண்டுவந்தார். துடைத்தார். எண்ணெய் போட்டார். கடை வாசலில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தோளோடு தோள் நிறுத்தினார். அதற்குத்தான் படை என்று பெயர்.

"கடை முன்னாடி எவ்வளவு வண்டி நிக்குதோ, அவ்வளவு பலம்! பார்க்கிறவன் நடுங்கணும்" என்றார்.

வேலை குறைந்துகொண்டே போனது. படை பலம் போதவில்லை என்று மாமா முடிவு செய்தார். அக்கம்பக்கத்தில் கேட்டு, சும்மா கிடந்த சைக்கிள்களை இரவல் வாங்கி வந்தார். நாளைக்கு இறங்கப்போவது அந்த இரண்டாவது வரிசைதான்.

"இதுவும் பலிக்கலைன்னா என்னடா செய்யறது?" என்று அம்மா கேட்டாள்.

மாமா உட்கார்ந்தார். தட்டில் இருந்த சாப்பாட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினார்.

"பலிக்கலைன்னா... வெளியூர்ல என் நண்பன் பெரிய ஒர்க்‌ஷாப்ல இருக்கான்ல, அவன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். மாசக் கடைசியில கிளம்பிடலாம்னு பார்க்கறேன். நம்ம கடையில ஒரு ஆளுக்கே வேலை இல்ல. ரெண்டு பேர் எதுக்கு அக்கா? நான் பாரமா இருக்கக் கூடாது."

"யாருடா உன்னை பாரம்னு சொன்னா?" என்று அம்மா அதட்டினாள்.

கொசுறு தட்டைத் தள்ளி வைத்தாள். மாமா இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாமா சண்டை போடாத காலை என்ன காலை? மாமா புருடா விடாத ஞாயிற்றுக்கிழமை என்ன ஞாயிற்றுக்கிழமை? மாமா வெளியூர் போகக் கூடாது. அவ்வளவுதான். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கதைகள். பள்ளி நூலகத்தில் இருந்த கதைப் புத்தகங்களை எல்லாம் ஒரு கை பார்த்திருந்தாள். அதனால் அவளுக்கு வாயில் வந்த கேள்வியும் கதையைப் பற்றியதுதான்.

"மாமா, இது போர்க் கதைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? எதிரி இருக்கான், கோட்டை இருக்கு, படை இருக்கு. பின்ன என்ன கதையாம்?"

"துப்பறியும் கதையாக்கூட இருக்கலாம்ல?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"நிறைய இருக்கு மாமா. போர்க் கதையில எதிரி யாருன்னு முதல் பக்கத்துலயே தெரிஞ்சிடும். மிச்சமெல்லாம் சண்டைதான். துப்பறியும் கதையில ஒண்ணுமே தெரியாது. ஆனா ஒண்ணு நிச்சயம். முதல் பக்கத்துல யார் மேல சந்தேகம் வருதோ, அவர் குற்றவாளியா இருக்கவே மாட்டார்."

"அப்ப அந்த ஆளை அடுத்த நிறுத்தத்துல இறக்கி விட்டுடலாம்" என்றார் அப்பா.

"எனக்கு மாயாஜாலக் கதைதான் வேணும். கண்ணை மூடித் திறந்தா பாத்திரமெல்லாம் தானா கழுவி இருக்கணும்" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். கொசுறு மட்டும் சிரிக்கவில்லை.

"நான் நிஜமாத்தான் சொல்றேன். ஆளுங்க ஏன் வரலைன்னு நமக்குத் தெரியாது. தெரியாமலே சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம். எனக்கு சனிக்கிழமை வரைக்கும் நேரம் கொடுங்க. அன்னைக்கு சாயங்காலம் எல்லாரும் கடையில உட்காருங்க. குற்றவாளி யாருன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

மாமா மீசையைத் தடவினார். "சரி, துப்பறிவாளரே! ஆனா என் ரெண்டாவது வரிசை நாளைக்கு இறங்கும். படை நிக்காது."

மறுநாள் பள்ளி விட்டதும் கொசுறு வேலையைத் தொடங்கினாள். முதல் சாட்சி, தேடிப் போகாமலே கிடைத்தார். தபால்காரர்! அவர் எப்போதும் இவர்கள் கடையில்தான் காற்று அடிப்பார். இப்போது காற்று இறங்கிய சைக்கிளை உருட்டிக்கொண்டு, கடையைத் தாண்டி விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்.

கொசுறு ஓடிப்போய் அவரை மறித்தாள். "அங்கிள்! வண்டி பஞ்சரா? நம்ம கடையைத் தாண்டிப் போறீங்களே?"

தபால்காரர் தர்மசங்கடமாகச் சிரித்தார். "இல்லம்மா... எனக்கு அவசரம். அதோட, உங்க அம்மாவுக்கு நான் வேற எதுக்குத் தொந்தரவு கொடுக்கணும்? பின்னாடி தெருவுல ஒட்டிக்கறேன்."

"என்ன தொந்தரவு?"

"பரவாயில்லம்மா, பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் நழுவிவிட்டார்.

தொந்தரவா? வேலை இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் அம்மாவுக்குப் பஞ்சர் ஒட்டுவது தொந்தரவா? கொசுறு தலையைச் சொறிந்தாள். அவர் பொய் சொல்கிற மாதிரியும் இல்லை. கோபமாக இருக்கிற மாதிரியும் இல்லை. எதிர்க்கடை அவரை மயக்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. எதிர்க்கடையையும் தாண்டித்தானே போனார்?

அப்போதுதான் அவளுக்கு வகுப்பில் செய்த பயிற்சி ஒன்று நினைவுக்கு வந்தது. 'நேற்று மழை பெய்தது' என்பதை ஒவ்வொருவரும் வேறு வேறு ஆளாக இருந்து சொல்ல வேண்டும். ஒருவன் குடையாக இருந்து சொன்னான். ஒருத்தி தவளையாக இருந்து சொன்னாள். கொசுறு, வாசலில் மறந்துபோய் விடப்பட்ட செருப்பாக இருந்து சொன்னாள். மழை ஒன்றுதான். ஆனால் குடை பெருமைப்பட்டது, தவளை பாடியது, செருப்பு அழுதது.

'எங்க கடைக் கதையை நாங்க மட்டும்தானே சொல்லிக்கிட்டு இருக்கோம்? இதையே எதிர்க்கடைக்காரர் சொன்னா எப்படி இருக்கும்?' என்று யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை, சாலையின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் எதிரியின் கோட்டைக்குள் நுழைந்தாள்.

கோட்டை காலியாக இருந்தது. கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த எதிர்க்கடைக்காரர் துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். உருண்டையான மனிதர். சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

"வாம்மா, வா! இன்னைக்கு முதல் ஆளு நீதான். என்ன வேணும்? சிவப்பா, நீலமா? பெல் இலவசம்!"

"நான் வாங்க வரல அங்கிள். எதிர்க்கடைப் பொண்ணு. சும்மா பார்க்க வந்தேன்."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உட்காரும்மா. உங்க கடைப் பொண்ணா? உண்மையைச் சொல்லட்டுமா? உங்க கடையைப் பார்த்தா எனக்கு வயித்தெரிச்சல்."

"என்னது?"

"பின்ன? காலையில ஷட்டரைத் தூக்கினா, எதிர்ல ஒரு வரிசை வண்டி நிக்குது. ரெண்டு நாளா பார்த்தா ரெண்டு வரிசை! எப்பதான் அத்தனையும் ரிப்பேர் பண்றீங்களோ. உங்க அம்மாவும் மாமாவும் மூச்சு விடறாங்களா, இல்லையா? என் கடையைப் பாரு. ஈ கூட எட்டிப் பார்க்கல."

கொசுறு வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். துப்பறிவாளர்கள் கேட்பார்கள், உளற மாட்டார்கள்.

"உங்ககிட்ட யாராவது பஞ்சர் ஒட்டக் கேட்டு வருவாங்களா அங்கிள்?"

"அதைக் கேட்டுத்தான் அப்பப்ப யாராவது வருவாங்க. வண்டி வாங்க ஒருத்தரும் வர்றதில்ல. எனக்கு விக்க மட்டும்தான் தெரியும். பஞ்சர் ஒட்டச் சொன்னா டியூபை விட்டுட்டு என் விரலை ஒட்டிப்பேன். எதிர்க்கடையில கேளுங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். ஆனா பாவம், அங்க ஏற்கனவே வேலை மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. நாம வேற சேர்க்கணுமான்னு பின்னாடி தெருவுக்கு அனுப்பிடுவேன்."

கொசுறு மெதுவாகத் தலையைத் திருப்பினாள். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, கண்ணாடிக் கதவு வழியாக, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த தன் கடையைப் பார்த்தாள்.

கடையே தெரியவில்லை.

சைக்கிள்கள்தான் தெரிந்தன. ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. அவற்றுக்குப் பின்னால் அம்மா கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது இங்கிருந்து யாருக்குத் தெரியும்? பஞ்சர் ஒட்டும் சாமான் பெட்டிமேல் மாமா சாய்ந்து கொட்டாவி விடுவது யாருக்குத் தெரியும்?

அந்த நேரம் ஓர் அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின் சக்கரத்தில் காற்று இல்லை. கேரியரில் ஒரு சின்னப் பையன் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் கடை முன்னால் நின்றாள். முதல் வரிசையைப் பார்த்தாள். இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பின்பக்கத் தெருவை நோக்கித் தள்ளிக்கொண்டு போனாள்.

கொசுறு ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தாள். கண்டுபிடித்துவிட்டாள்! ஆட்களைத் துரத்தியது எதிர்க்கடை இல்லை. படை! வாசலில் நிற்கும் சைக்கிள்களைப் பார்த்து, எல்லாம் பழுதுக்கு வந்தவை என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆட்கள் குறையக் குறைய மாமா படையைக் கூட்டினார். படை கூடக் கூட ஆட்கள் குறைந்தார்கள்.

துள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். படையை நிறுத்தியது யார்?

மாமா.

வீட்டுக்கு அவள் மெதுவாகத்தான் நடந்தாள். துப்பறியும் கதைகளில் அவளுக்கு ரொம்பப் பிடித்த இடம் கடைசி அத்தியாயம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். துப்பறிவாளர் நடந்துகொண்டே பேசுவார். சட்டென்று நின்று, ஒருவரை நோக்கி விரலை நீட்டுவார். அந்த விரலை மாமாவை நோக்கி நீட்ட வேண்டுமா? ஏற்கனவே தன்னைப் பாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாமா, கடையைக் கெடுத்ததே தான்தான் என்று எல்லார் முன்னாலும் கேட்டால் என்ன ஆகும்? மாசக் கடைசி வரைகூட இருக்க மாட்டார். அன்றைக்கே பெட்டியைத் தூக்கிவிடுவார்.

கண்டுபிடித்ததைச் சொன்னால் மாமா போய்விடுவார். சொல்லாவிட்டாலும் மாமா போய்விடுவார். இது என்ன கதை!

அவள் இரவெல்லாம் புரளவில்லை, நன்றாகத்தான் தூங்கினாள். ஆனால் காலையில் பல் துலக்கும்போது ஒன்று தோன்றியது. 'கடைசி அத்தியாயத்தை இன்னும் யாரும் எழுதலையே. அதை நான் மாத்தினா யார் வேண்டாம்னு சொல்லப் போறாங்க?'

வாயில் நுரையோடு ஓடினாள். "மாமா! ஒரு உளவு வேலை இருக்கு. உங்களை விட்டா ஆளே இல்ல."

"உளவா?" மாமாவின் கண்கள் விரிந்தன. "எங்க?"

"எதிரியோட கோட்டைக்குள்ள."

மாமாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? மதியம் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். அப்பாவின் மழைத்தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டார். யாருக்கும் தன்னை அடையாளம் தெரியாது என்று சாலையில் இறங்கினார். தெருவே அவரிடம் நலம் விசாரித்தது.

"என்ன பஞ்சர்க்காரரே, கண் வலியா?" என்று ஒருவர் கேட்டார். "மழையே இல்லையே, எதுக்குத் தொப்பி?" என்று இன்னொருவர் கேட்டார். மாமா யாருக்கும் பதில் சொல்லவில்லை. உளவாளி அல்லவா!

எதிர்க்கடைக்காரர் அவரைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்தார். "வாங்க, வாங்க! இவ்வளவு வேலைக்கு நடுவுல வந்திருக்கீங்களே! உட்காருங்க, டீ சொல்றேன்" என்று வெளியே ஓடினார்.

மாமா கொசுறின் காதில் கிசுகிசுத்தார். "எதிரி டீ வாங்கப் போறான். இதுல ஏதோ சூழ்ச்சி இருக்கு."

"அதெல்லாம் அப்புறம் மாமா. இந்த ஸ்டூல்ல உட்காருங்க. நம்ம கடையைப் பாருங்க."

மாமா பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது. "ஆஹா! இங்கிருந்து பார்த்தாதான் அருமை தெரியுது. என்ன படை! என்ன வரிசை!"

"இப்ப நீங்க மாமா இல்ல. இந்தத் தெருவுல போற ஒரு ஆள். உங்க வண்டி பஞ்சர். சீக்கிரமா வேலைக்குப் போகணும். அங்க ஒரு கடை தெரியுது. என்ன பண்ணுவீங்க?"

"இதென்ன கேள்வி? நேரா அந்தக் கடைக்குப் போவேன். போய்... எங்க, ஒரே வண்டியா நிக்குதே. இத்தனையும் முடிஞ்சு என் முறை எப்ப வரும்? அதுக்குள்ள வேலை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கே வந்துடுவாங்க. பேசாம பின்னாடி தெருவுக்கு..."

மாமா நிறுத்தினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தொப்பியையும் கழற்றினார். மறுபடி ஒருமுறை சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

விரலை நீட்டி முதல் வரிசையை எண்ணினார், பிறகு இரண்டாவது வரிசையை எண்ணினார். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

"கொசுறு..." என்றார் கடைசியில். குரல் சின்னதாக இருந்தது. "அந்த வரிசையை வெச்சது நான்தானே?"

"ஆமா மாமா. ஆனா அதைக் கண்டுபிடிச்சதும் இப்ப நீங்கதான். நான் ஸ்டூல்ல உட்கார மட்டும்தான் சொன்னேன்."

மாமா அவளை உற்றுப் பார்த்தார். அவள் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. மாமாவின் மீசை முதலில் துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், டீயோடு வந்த எதிர்க்கடைக்காரர் பயந்துபோய் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அன்று மாலை எல்லோரும் கடையில் கூடினார்கள். அம்மா, அப்பா, அழைக்காமலே வந்துவிட்ட எதிர்க்கடைக்காரர். கொசுறு நடுவில் நின்றாள். ஆனால் அவள் வாய் திறப்பதற்குள் மாமா கையைத் தூக்கினார்.

"இந்த அத்தியாயத்தை நான் சொல்றேன்" என்றவர், துப்பறிவாளரைப் போல முன்னும் பின்னும் நடந்தார். சட்டென்று நின்றார். விரலை நீட்டினார். அந்த விரலை வளைத்துத் தன் மூக்கையே தொட்டார். "குற்றவாளியைக் கண்டுபிடிச்சாச்சு. அது நான்தான்! கண்டுபிடிச்ச ஆளும் நான்தான். இந்த மாதிரிக் கதையை யாராவது படிச்சிருக்கீங்களா?"

நடந்ததை அவர் விலாவாரியாகச் சொன்னார். உளவு போனதைக் கொஞ்சம் கூட்டியே சொன்னார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி! நானும் தினம் அந்த வண்டிகளுக்குப் பின்னாடியேதானே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தோணலையே!" என்றாள்.

எதிர்க்கடைக்காரர்தான் திகைத்துப்போனார். "அப்ப உங்களுக்கு வேலையே இல்லையா? நான் எத்தனை பேரைப் பின்னாடி தெருவுக்கு அனுப்பினேன்! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "நானும் ஒண்ணு கேட்கட்டுமா? என் கடைக்கு ஏன் யாரும் வர்றதில்ல?" என்றார்.

எல்லோரும் கொசுறைப் பார்த்தார்கள்.

"எங்க கடை ஸ்டூல்ல உட்கார்ந்து பாருங்க அங்கிள்" என்றாள் அவள்.

அவர் உட்கார்ந்தார். அப்பா இரண்டு சைக்கிள்களை நகர்த்தி வழிவிட்டார். எதிர்க்கடைக்காரர் தன் கடையைப் பார்த்தார். துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று, வாசலில் ஒரு பொருள்கூட இல்லாமல், கதவு சாத்திக் கிடந்தது.

"கடை திறந்திருக்கா, மூடியிருக்கான்னே தெரியலையே!" என்றார் அவர்.

அதற்குமேல் அங்கே யாருக்கும் திட்டம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பழுது பார்க்கும் கடை வாசலில் சைக்கிள் குவிந்திருந்தால் ஆட்கள் போய்விடுவார்கள். சைக்கிள் விற்கும் கடை வாசலில் குவிந்திருந்தால் ஆட்கள் வருவார்கள். இரவல் வாங்கிய வண்டிகளை மாமா அவரவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அவர் கையால் கோத்த வண்டிகளை, புது சைக்கிள் வாங்க முடியாதவர்களுக்காக எதிர்க்கடை வாசலில் நிறுத்துவது என்று முடிவானது.

இப்படியாகப் படை சாலையைக் கடந்தது. மாமா தொப்பியோடு முன்னால் நடந்தார். அப்பா சாலை நடுவில் நின்று இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தி, "முன்னாடி போங்க, முன்னாடி போங்க!" என்று உற்சாகமாகக் கத்தினார். எதிரி தன் கோட்டைக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கைதட்டி வரவேற்றார்.

காலியான கடை வாசலில் அம்மா தண்ணீர் தெளித்துப் பெருக்கினாள். உட்காருவதற்கு இரண்டு ஸ்டூல்கள் போட்டாள். சாலையில் போகிறவர்களுக்கு இப்போது அம்மா தெரிந்தாள், மாமா தெரிந்தார், சும்மா இருந்த அவர்கள் கைகளும் தெரிந்தன.

கைகள் ரொம்ப நாள் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை தபால்காரர் வந்தார். "என்னம்மா, எல்லா வேலையும் ஒரே நாள்ல முடிச்சிட்டீங்களா? அசுர வேகம்தான்!" என்று வியந்தார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு டியூபைக் கழற்றினாள். அடுத்து, வளைந்த சக்கரத்தோடு ஒரு கல்லூரி மாணவன். அடுத்து, சின்னப் பையனைக் கேரியரில் வைத்துக்கொண்டு அந்த அக்கா. பஞ்சர் என்று யார் கேட்டாலும் எதிர்க்கடைக்காரர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து, "அதோ, நேர் எதிர்ல!" என்று கை காட்டினார். இங்கே வண்டியே வேண்டும் என்று கேட்டவர்களை மாமா அங்கே அனுப்பினார்.

மாசக் கடைசியும் வந்தது. அன்று மாமா ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, செயினைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்று பேர் காத்திருந்தார்கள். ஸ்டூல் இரண்டுதான் என்பதால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். போன் அடித்தது. மாமாவின் கை முழுக்க கறுப்பு மசி. கொசுறுதான் போனை எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்தாள்.

வெளியூர் நண்பரின் குரல் அவளுக்கும் தெளிவாகக் கேட்டது. "என்னடா, பெட்டி கட்டிட்டியா? சாயங்கால பஸ்தானே?"

"பெட்டியா? இங்க ஸ்பேனர் வைக்கவே இடமில்லடா."

"அப்ப அடுத்த வாரம் வர்றியா?"

மாமா செயினிலிருந்து கண்ணை எடுக்காமல், "இல்லடா, நான் வர மாட்டேன். எனக்கு இங்கயே வேலை தலைக்கு மேல இருக்கு" என்றார்.

கொசுறு போனை அவர் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மாமா" என்றாள். "அவருக்குச் சரியா கேட்கல போல."